காயாத இடது கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்ததா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நடந்தது. யாருக்கு நடந்ததோ அவருடைய கையை நானே பார்த்திருக்கிறேன். ஊளையிடும் நாய், தானாக ஆடும் கதவு, வெள்ளை உருவம், இதெல்லாம் இதில் கிடையாது. நட்ட நடுப்பகல். டியூப் லைட் எரிகிற அறை. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

அவரை எல்லோரும் ஒத்தக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் இரக்கப்பட்ட முகத்தோடு மாடிப்படி ஏறி வருவார்கள். உள்ளே வந்து பார்த்தால் மனிதருக்கு இரண்டு கையும் திடமாக இருக்கும். கண்ணாடி வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபையர்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். மூடியைக் கழற்றியதும் இடது கை பேன்ட்டின் பின்பாக்கெட்டுக்குள் போய்விடும். வேலை முடிகிறவரை வெளியே வராது. வெட்டுவது, வளைப்பது, ஈயம் வைப்பது எல்லாம் வலது கைதான்.

காரணம் இருக்கிறது. ஒரு கையில் மட்டும் ஷாக் அடித்தால் விரல் சுடும், தோள் வலிக்கும், நாலு கெட்ட வார்த்தையோடு போய்விடும். ஒரு கை கரண்டைத் தொட்டு, மறு கை இரும்பைத் தொட்டால் கரண்ட் நடுவில் நெஞ்சு வழியாகப் போகும். அப்புறம் கெட்ட வார்த்தை சொல்ல ஆள் இருக்காது. அந்தப் பின்பாக்கெட்தான் இத்தனை வருஷமாக அவர் உயிரைக் காப்பாற்றி வந்தது.

இன்னொரு விஷயத்திலும் அவர் பேர் போனவர். எச்சில் என்றால் ஆகாது. யாராவது நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் புரட்டினால், அந்தப் புத்தகத்தை அப்புறம் அவர் தொட மாட்டார். பெற்ற மகள் ஆசையாகக் கடித்துக் கொடுத்த பிஸ்கட்டைச் சிரித்துக்கொண்டே வாங்கி, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் குப்பையில் போட்ட ஆள். இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கூட்டாளி யார் தெரியுமா? மனைவியின் தம்பி.

மச்சினனுக்கு நாற்பதாகிவிட்டது. ஸ்பீக்கர், மரப்பெட்டி வேலையெல்லாம் அவனுடையது. நல்ல வேலைக்காரன்தான், ஆனால் நாக்கு இல்லாமல் அவனுக்கு எந்த வேலையும் ஓடாது. நூலை நக்குவான். ஒட்டுக் காகிதத்தை நக்குவான். ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் சூடாகிவிட்டதா என்று பார்க்க, விரலை நக்கி அதன் முனையில் ஒரு தட்டுத் தட்டுவான். 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் சூடு.

"உன்னைப் பார்த்தாலே எனக்குச் சாப்பாடு எறங்க மாட்டேங்குதுடா" என்பார் ஒத்தக்கை.

"நல்லதுதானே மாமா. தொப்பை குறையும்" என்பான் அவன்.

அன்று காலையில் பழைய சாமான் விற்கிற கடைக்காரர் ஒருவர் ஒரு ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தார். இரண்டு சுற்று பிளாஸ்டிக் தாளில் பொதிந்து கட்டியிருந்தது. வாசற்படியிலேயே வைத்தார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை.

"இதுக்கு முன்னாடி யாராவது திறந்து பார்த்தாங்களா?" என்று ஒத்தக்கை கேட்டார்.

"பார்த்தாங்க."

"என்ன கம்ப்ளெய்ன்ட்னு சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை." கைக்குட்டையால் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "உங்களுக்குக் குடும்பமெல்லாம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

படியிறங்கிப் போனவர் அந்தக் கைக்குட்டையைக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனதை மச்சினன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். நல்ல கைக்குட்டை. எடுக்கலாமா என்றுகூட யோசித்தான். அவன் அப்படிப்பட்டவன்.

ஒத்தக்கை பிளாஸ்டிக் தாளைப் பிரித்து மூடியைக் கழற்றினார்.

நாற்றம் குப்பென்று அடித்தது.

எலி செத்த நாற்றம் அவருக்குப் பழக்கம். கருகிய டிரான்ஸ்ஃபார்மர் நாற்றமும் பழக்கம். இது வேறு. பல் தேய்க்காத வாய், முகத்துக்கு நேராகத் திறந்து மூச்சு விட்டால் எப்படி இருக்கும், அந்த நாற்றம். சூடாகவும் இருந்தது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஃபேனைத் திருப்பி வைத்தார்.

உள்ளே எல்லாவற்றையும் தாங்குகிற இரும்புத் தட்டின்மேல் கோடு கோடாக ஏதோ பளபளத்தது. நத்தை ஊர்ந்த தடம் மாதிரி. வால்வுகளைச் சுற்றி, வயர்களின்மேல், கண்டன்சரின் கம்பிக் கால்களின்மேல். எங்கெல்லாம் ஒரு விரல் போகுமோ அங்கெல்லாம். கண்டன்சர் ஒழுகியிருக்கிறது என்று அவர் நினைத்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. பஞ்சைக் காகிதத்தில் சுருட்டி, அதை இன்னொரு காகிதத்தில் சுருட்டித் தூரப் போட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் செத்துவிட்டது என்று நினைப்பது நம்மைப் போன்றவர்கள். கண்டன்சர் அப்படி இல்லை. குடித்த கரண்டை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கும். நானூறு வோல்ட்கூட இருக்கும். அதனால் முதல் வேலை அதைக் காலி செய்வது. அவசரக்காரர்கள் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து 'டப்' என்று வெடிக்க விடுவார்கள். ஒத்தக்கை அந்த ரகம் இல்லை. நீளப் பிடி போட்ட ஒரு குச்சி, அதன் முனையில் கரண்டை மெதுவாக வடிய விடுகிற ரெசிஸ்டர், அதிலிருந்து இரும்புத் தட்டுக்கு ஒரு வயர். கண்டன்சர் காலில் குச்சியை வைத்துப் பொறுமையாக நிற்பார். கண்டன்சரோடு மாட்டிய வோல்ட் மீட்டரின் முள் மெதுவாக இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும்.

வந்தது.

குச்சியை எடுத்ததும் முள் கொஞ்சம் ஏறியது. பத்து… பதினைந்து. இது வழக்கம்தான். வயிற்றைக் காலி செய்த பிறகும் கண்டன்சர் ஒரு ஏப்பம் விடும். அதற்காகவே பல் வைத்த க்ளிப் போட்ட வயர் ஒன்று வைத்திருந்தார். ஒரு முனையைக் கண்டன்சர் காலில் கடிக்க விட்டு, மறு முனையை இரும்புத் தட்டில் கடிக்க விட்டார். அந்த க்ளிப் இருக்கிறவரை கரண்ட் சேரவே முடியாது. பிளக் மேசைமேல் கண்ணுக்கு நேராகக் கிடந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பாடு இறங்கவில்லை.

திரும்பி வந்தபோது மணி இரண்டேகால்.

க்ளிப் கழன்றிருந்தது.

நழுவி விழுந்திருந்தால்கூடச் சரி. விழவில்லை. சுருட்டி, மேசை ஓரத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. மீட்டர் முள் நானூற்றுப் பத்தில் நின்றது.

அவர் பிளக்கைப் பார்த்தார். அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

க்ளிப்பை எடுத்தார். உடனே கீழே போட்டார். அதன் பல்லெல்லாம் ஈரம். கொழகொழவென்று, இளஞ்சூடாக. துடைத்து வைத்த இரும்புத் தட்டிலும் புதிய கோடுகள்.

"இங்க வாடா" என்றார்.

மச்சினன் பெட்டிக்கு மணற்காகிதம் தேய்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான்.

"க்ளிப்பை எதுக்குக் கழட்டின?"

"நான் கழட்டலையே."

"அப்ப எச்சில் யாருது? எங்க அப்பாவோடதா?"

"மாமா, நான் அந்த மேசைப் பக்கமே வரலை."

"விளையாட்டுக்கு ஒரு அளவு இருக்குடா. நான் பார்க்காம கையை வச்சிருந்தா உங்க அக்கா என்ன ஆவா? அதைக்கூட யோசிக்காம நக்கி வச்சிருக்க. நீயெல்லாம் மனுஷனா?"

மச்சினன் முகம் சுண்டிப்போனது. எத்தனையோ கேலியைச் சிரித்துக்கொண்டே வாங்கியவன், இதற்குச் சிரிக்கவில்லை. ஒத்தக்கை அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. மறுபடி குச்சியை வைத்துக் கண்டன்சரைக் காலி செய்தார். க்ளிப்பை ஸ்பிரிட்டில் கழுவி மாட்டினார். பிறகு பின்பக்கம் குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். சோப்புப் போட்டார். மறுபடி போட்டார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். உடம்பு முழுக்கக் கூசியது.

அறையிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. விரலை நக்கி அயர்னைத் தொட்டுப் பார்க்கிறான். திட்டு வாங்கிய பிறகும் புத்தி வரவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தபோது மச்சினன் இல்லை. செய்து முடித்த ஸ்பீக்கரையும் காணவில்லை. கொடுக்கப் போயிருப்பான். போகட்டும் என்று நினைத்தார்.

க்ளிப் மாட்டின இடத்திலேயே இருந்தது. மீட்டர் பூஜ்யம்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கை பின்பாக்கெட்டுக்குள் போனது. வலது கையால் கம்பி வெட்டுகிற கட்டரை எடுத்தார். அந்தக் கண்டன்சரை வெட்டி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒழுகுகிற சனியன் ஒழியட்டும் என்று நினைத்தார்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். வண்டி போய்விட்டது.

ச்சப்.

அவர் தலையைத் தூக்கினார்.

யாரோ சப்புக்கொட்டுகிற சத்தம். பக்கத்தில்தான். மச்சினன் வந்துவிட்டானோ என்று திரும்பிப் பார்த்தார். அவன் ஸ்டூல் காலியாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது.

ச்சப்… ச்சப்…

ஆம்ப்ளிஃபையருக்குள்ளிருந்து.

பல்லி என்று நினைத்துக்கொண்டார். அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று நினைத்தார். கட்டரைக் கீழே வைத்துவிட்டு, வெட்டுவதற்கு முன்னால் கண்டன்சர் காலை நிமிர்த்த இரண்டு விரலால் அதைப் பிடித்தார். க்ளிப் இருக்கிறது. மீட்டர் பூஜ்யம். பயப்பட ஒன்றுமில்லை.

அந்த நாற்றம் வந்தது.

ஃபேன் காற்றையும் மீறி வந்தது. இந்த முறை எதிரிலிருந்து இல்லை. முதுகுப் பக்கம். பிடரியில் மூச்சுப் படுகிற மாதிரி.

டிக்.

அவர் கண் முன்னால் க்ளிப் வாயைத் திறந்தது. தானாக. கழன்று தொங்கியது.

மீட்டர் முள் துடித்தது.

அவர் அசையவில்லை. கண்டன்சர் காலில் இரண்டு விரல். எடுக்க வேண்டும், மெதுவாக எடுக்க வேண்டும். பதறினால் வேறு எதிலாவது படும். இடது கை பாக்கெட்டில் பத்திரமாக இருக்கிறது. அது அங்கே இருக்கிறவரை உயிர் போகாது. அதை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

கை பாக்கெட்டில் இருக்கிறது…

கை பாக்கெட்டில்…

பாக்கெட்டுக்குள் ஏதோ ஒன்று அவர் விரலை நக்கியது.

சூடாக. சொரசொரப்பாக. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக. அவசரமே இல்லாமல். பிறகு உள்ளங்கை முழுவதையும் ஒரே இழுப்பாக.

கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. பயம்கூட இல்லை என்கிறார். அருவருப்பு. வெறும் அருவருப்பு. அந்தக் கையை உடம்பிலிருந்து பிய்த்து எறிந்துவிடலாம் போல இருந்ததாம்.

கை பாக்கெட்டிலிருந்து பறந்து வந்தது.

சொட்டச் சொட்ட ஈரத்தோடு.

நேராக இரும்புத் தட்டின்மேல் விழுந்தது.

டப்.

நீல வெளிச்சம்.

அவ்வளவுதான்.

அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொள்கிறது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. ஆம்ப்ளிஃபையருக்குள்ளிருந்து ஒரு இழை புகை வந்தது. இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு, ஸ்டூலோடு பின்னால் நகர்ந்து, சுவரில் முட்டி நின்றார்.

சிறிது நேரத்தில் மச்சினன் வந்தான். மாமா சுவரோரம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். டார்ச் எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குள் அடித்துப் பார்த்தான்.

"அய்யோ மாமா, என் கம்பி" என்றான்.

வயர்க் குவியலுக்கு அடியில், கண்டன்சர் காலிலிருந்து இரும்புத் தட்டுக்கு, ஒரு தடித்த செம்புக் கம்பியை ஈயம் வைத்து ஒட்டியிருந்தான். அது இப்போது கருகி, நடுவில் உருகி, முடி அளவுக்கு இளைத்திருந்தது. வந்த கரண்ட் முழுவதும் அதன் வழியாகப் போயிருந்தது.

"எப்படா வச்ச?"

"நீங்க கை கழுவப் போனப்ப. திரும்பவும் க்ளிப் கழண்டா என்னைத்தானே சொல்வீங்க. அதான் கழட்டவே முடியாதபடி ஒட்டிட்டுப் போனேன். கோவத்துல சொல்லலை."

சொல்லாமல் செய்தது தொழிலில் பெரிய தப்பு. ஒத்தக்கை அதற்குத் திட்டவில்லை. 'ஸ்ஸ்' என்று கேட்ட அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டார். அந்த எச்சில் விரல்தான் தன்னைக் காப்பாற்றியது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. மச்சினன் தோளில் கை வைக்கப் போனவர், கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அது இன்னும் ஈரமாக இருந்தது.

துண்டால் துடைத்தார். பிறகு கடைக்காரருக்குப் போன் செய்தார். மச்சினனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"வால்வு செட் குடுத்தீங்கல்ல, அந்தக் கடையிலேருந்து பேசறேன்."

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"யாரு, அவரோட வீட்டுக்காரங்களா?"

"நான்தான் பேசறேன். ஒத்தக்கை."

"நீங்களேவா?"

அந்த ஒரு வார்த்தையில் ஒத்தக்கைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மச்சினன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லுங்க" என்றார் ஒத்தக்கை. "முன்னாடி பார்த்தவங்க ஏன் ஒண்ணும் சொல்லலை?"

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "முதல்ல பார்த்தவருக்கு ஒரு பழக்கம். எதைத் தொட்டாலும் விரலை நக்கிட்டுத்தான் தொடுவாரு. கரண்ட் இருக்கான்னுகூட ஈர விரலை வச்சுத்தான் பார்ப்பாராம். இந்த செட்டுலதான் போனாரு. மறுநாள்தான் கதவை உடைச்சுப் பார்த்தாங்க. இடது கை அந்தத் தட்டு மேலயே இருந்துச்சு. வாய் திறந்து, நாக்கு…"

"அதை விடுங்க. அப்புறம்?"

"அப்புறம் ரெண்டாவது ஒருத்தர். அவரும் உங்களை மாதிரிதான், போன் பண்ணாரு. எதுவோ என் கையை நக்குச்சு, தப்பிச்சுட்டேன்னு சொன்னாரு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

"இப்ப அவரு எங்க?"



"அவரு இந்த செட்டால போகலைங்க. கொஞ்ச நாள் கழிச்சு, அவரு வீட்டு சுவிட்சுல. அந்தக் கை காயவே மாட்டேங்குதுன்னு சொல்லிட்டே இருந்தாராம். தொடைச்சாலும் தொடைச்சாலும் ஈரமாம்." பிறகு சாதாரணக் குரலில் கேட்டார். "செட் ரெடியாயிடுச்சுங்களா?"

எச்சில் என்றாலே ஓடுகிற மனிதர், வாழ்க்கையில் முதல் முறையாக, தன் அறையில், தன் தரையில் காறித் துப்பினார். பாக்கெட்டுக்குள் நக்கியதைவிட இந்தக் கேள்விதான் அவருக்குக் குமட்டியது என்று பின்னால் சொன்னார். பேய்க்கு வேறு வழியில்லை, அது செத்துப்போனது. உயிரோடு இருக்கிற மனிதன், தெரிந்தே, குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறான். மச்சினன் தரையைத் துடைத்தான். ஆம்ப்ளிஃபையரை அதே பிளாஸ்டிக் தாளில் கட்டி, கடைக்காரர் வாசலில் வைத்துவிட்டு வந்தான். கதவைத் தட்டியும் அவர் திறக்கவில்லையாம்.

ஒத்தக்கை இப்போது வேலை செய்வதில்லை. எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்கிறார், மச்சினன் செய்கிறான். மச்சினன் நக்குவதை விட்டுவிட்டான். சத்தியமாக விட்டுவிட்டான்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லா சுவிட்சுகள்மேலும் பட்டை டேப் ஒட்டி, நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் விட்டிருந்தார்கள். விளக்குப் போடுவது, அணைப்பது எல்லாம் மனைவியும் மகளும்தான். அவர் மடியில் ஒரு துண்டு கிடந்தது. பேசிக்கொண்டே இடது கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியது போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. துடைத்து முடிப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி பளபளக்கும். ஒரு தடவை துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருட்டிக்கொண்டு வந்தது. கிளம்புகிறேன் என்று எழுந்தேன். வழியனுப்ப அவரும் வாசல் வரை வந்தார். இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டு நின்றோம்.

பட்டென்று ஒரு சத்தம். அவர் மனைவி அவருடைய கையைத் தட்டிவிட்டிருந்தாள். அதற்குள் இடது கை வாசல் ஓரத்துச் சுவிட்சுக்கு ஒரு விரல்கடை தூரம் வரை போயிருந்தது.

"எத்தனை தடவைங்க சொல்றது" என்றாள்.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் தூக்கலை" என்றார். "அதுவா போச்சு."